'49 ஓ'வை டீக்கடை பேச்சாக்கிய செங்கல்பட்டுக்காரர்: பத்திரிகையாளர் ஞாநி வாழ்க்கை குறிப்பு

செங்கல்பட்டு:

நிற்கிற வேட்பாளர் யாரையும் பிடிக்கவில்லையா? ஓட்டு எந்திரத்தில் கடைசி பட்டனை அழுத்தி விட்டு வரலாம். அதற்கு பெயர் 'நோட்டா'. இன்றைக்கு இது சின்ன பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 2013-ம் ஆண்டுக்கு முன்பு அப்படி ஒரு பட்டனே கிடையாது. '49 ஓ' என்ற விதி மட்டும்தான் இருந்தது. அதுவும் சட்ட புத்தகத்துக்குள் தூங்கிக் கொண்டிருந்தது.

அந்த விதியை தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர், செங்கல்பட்டில் பிறந்த ஞாநி. வார பத்திரிகைகளில் அரசியல் பத்தி எழுதியவர், டி.வி. விவாதங்களில் அடிக்கடி வந்து போனவர், நாடகக்காரர் என்று அவருக்கு பல முகம் உண்டு. அவரது வாழ்க்கை விவரம் வருமாறு:-

பத்திரிகை வீட்டு பிள்ளை

ஞாநியின் சொந்த பெயர் சங்கரன். 1954-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி செங்கல்பட்டில் பிறந்தார். அப்பா வேம்புசாமியும் பத்திரிகையாளர்தான். ஆங்கில பத்திரிகையில் வேலை பார்த்தவர். மகனும் அதே வழியில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நிருபராக தொழிலை தொடங்கினார். பிறகு தமிழ் பத்திரிகை பக்கம் வந்து விட்டார். 'முரசொலி' இணைப்பிதழ், குழந்தைகளுக்கான 'சுட்டி விகடன்' என்று வேறு வேறு இடங்களில் வேலை பார்த்தார். 'தீம்தரிகிட' என்ற பெயரில் சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்தினார். பாரதியார் பாட்டில் வரும் சொல் அது. கையில் காசு இருக்கும்போது வரும், இல்லாதபோது நிற்கும் என்கிற மாதிரி அது விட்டு விட்டு வந்தது.

நாடக மேடை

1978-ம் ஆண்டு 'பரீக்‌ஷா' நாடக குழுவை ஆரம்பித்தார். சபா நாடகங்களில் ஜோக்குக்கு ஜோக் கைதட்டல் வாங்கிக் கொண்டிருந்த காலம் அது. பரீக்‌ஷா வேறு பாதையில் போனது. இந்திரா பார்த்தசாரதி, ந.முத்துசாமி, வங்காள நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் ஆகியோரின் நாடகங்களை போட்டது. ஞாநியே எழுதிய 'பலூன்' நாடகமும் பேசப்பட்டது. 'தவிப்பு' என்ற நாவல் எழுதினார். பெரியார் வாழ்க்கையை வைத்து 'அய்யா' என்ற படைப்பையும் உருவாக்கினார்.

ஓ பக்கங்கள்

அவரை வீட்டுக்கு வீடு கொண்டு போய் சேர்த்தது 'ஓ பக்கங்கள்' என்ற பத்திதான். முதலில் ஆனந்த விகடன், அடுத்து குமுதம், பிறகு கல்கி என்று அது பத்திரிகை மாறி மாறி வந்தது. சாதாரணமாக ஒரு எழுத்தாளர் பத்திரிகை மாறினால் பத்தியின் பெயரும் மாறும். இங்கே பெயர் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. வாசகர்கள்தான் புத்தகத்தை மாற்றி வாங்க வேண்டி இருந்தது.

கட்சி பார்க்காமல் எழுதுவார். இந்த வாரம் ஒருவரை பாராட்டுவார், அடுத்த வாரம் அதே ஆளுக்கு குட்டு வைப்பார். அதனால் இவர் எங்க ஆள் என்று சொல்லிக்கொள்ள எந்த கட்சிக்கும் தைரியம் வந்ததில்லை. பையன்களுக்கும் பெண்களுக்கும் பாலியல் விஷயங்களை கூச்சம் இல்லாமல் சொல்லிக்கொடுத்த 'அறிந்தும் அறியாமலும்' தொடரும் இவர் எழுதியதே.

2007-ம் ஆண்டு பெரிய சர்ச்சை வெடித்தது. அப்போது முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதிக்கு 83 வயது. வயதையும் உடல்நிலையையும் காட்டி, அவர் பதவியில் இருந்து ஓய்வு பெறலாமே என்ற கருத்தில் ஆனந்த விகடனில் ஞாநி எழுதினார். தி.மு.க. ஆதரவு எழுத்தாளர்களும் பேச்சாளர்களும் கொதித்து எழுந்தனர். ஒரு காலத்தில் முரசொலியில் வேலை பார்த்தவரே இப்படி எழுதலாமா என்ற கேள்வி வந்தது. ஒரு தலைவரின் முதுமையை பற்றி வெளிப்படையாக பேசலாமா, கூடாதா என்று தமிழ்நாடே இரண்டாக நின்று வாதாடியது. அதற்கு பிறகுதான் ஓ பக்கங்கள் குமுதத்தில் வர ஆரம்பித்தது.

'49 ஓ' என்றால் என்ன?

1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் ஒன்று இது. வாக்காளர் பூத்துக்கு போய், பதிவேட்டில் கையெழுத்து போட்ட பிறகு, யாருக்கும் ஓட்டு போட விருப்பம் இல்லை என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லலாம். அதிகாரி அதை பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அதற்கு பக்கத்தில் வாக்காளரிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார். அவரது ஓட்டை வேறு யாரும் கள்ள ஓட்டாக போட முடியாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல். எல்லா கட்சி பூத் ஏஜெண்டுகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயை திறந்து சொல்ல வேண்டும். ஏஜெண்டுகள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். யாருக்கும் போடவில்லை என்பது பூத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஊருக்கே தெரிந்து விடும். ரகசிய ஓட்டு என்ற பேச்சுக்கே அங்கு இடம் இல்லை. 'ஓ போடு' என்று ஞாநி பிரசாரம் செய்தபோதும் பலர் தயங்கியதற்கு இந்த பயம்தான் காரணம்.

மக்கள் சிவில் உரிமை கழகம் (பி.யு.சி.எல்.) தொடர்ந்த வழக்கில் 2013-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஓட்டு போடாதவரின் ரகசியமும் காப்பாற்றப்பட வேண்டும் என்று கூறி, எந்திரத்தில் தனி பட்டன் வைக்க உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் நோட்டா வந்தது. 2016 சட்டசபை தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்த பட்டனை அழுத்தினார்கள். ஆனால் நோட்டா எவ்வளவு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தவர்.

அவரே வேட்பாளர்

யாரையும் பிடிக்காவிட்டால் ஓ போடு என்று சொன்னவர், 2014-ம் ஆண்டு தானே களத்தில் குதித்தார். ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்தார். பண்ருட்டி ராமச்சந்திரன் ராஜினாமாவால் காலியான ஆலந்தூர் சட்டசபை தொகுதிக்கு ஏப்ரல் 24-ந்தேதி இடைத்தேர்தல் நடந்தது. அந்த எந்திரத்தில் ஞாநி பெயரும் இருந்தது, நோட்டா பட்டனும் இருந்தது. அ.தி.மு.க. வேட்பாளர் வெங்கட்ராமன் ஜெயித்தார். அதே ஆண்டிலேயே ஞாநி கட்சியை விட்டு விலகி விட்டார். மறுபடியும் பேனாவுக்கும் டி.வி. மைக்குக்கும் திரும்பினார்.

கிணற்றடி கூட்டம்

சென்னை கே.கே.நகரில் அவர் வீட்டு கொல்லையில் ஒரு கிணறு. அதை சுற்றி நாற்காலி போட்டு 'கேணி' என்ற பெயரில் இலக்கிய கூட்டம் நடத்தினார். எழுத்தாளர் பாஸ்கர் சக்தியும் சேர்ந்து நடத்தினார். யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம்.

கடைசி ஆண்டுகளில் சிறுநீரக கோளாறால் டயாலிசிஸ் செய்து வந்தார். அப்படியும் மனுஷன் ஓயவில்லை. எழுதினார், டி.வி.க்கு போனார், யூ டியூபிலும் அரசியல் பேசினார். 2018-ம் ஆண்டு பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15-ந்தேதி காலமானார். வயது 64.

சடங்கு எதுவும் இல்லை. அவர் விருப்பப்படி உடல் சென்னை மருத்துவ கல்லூரிக்கு தானமாக கொடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.