உளப்பிறழ்வின் வாசலில் நிற்கும் இளையோர்: உளச்சமூக ஆதரவை எதைக் கொண்டு அளப்பது?

நிஜத்தோடு தொடர்பு குலையும் நிலையான உளப்பிறழ்வு (சைக்கோசிஸ்) முழுதாக வெளிப்படும் முன்பே இளையோரைச் சந்திக்கும் நோக்கத்துடன் 1994-இல் மெல்போர்னில் ‘பேஸ்’ சிகிச்சையகம் தொடங்கப்பட்டது. பேட்ரிக் மெக்கோரி, ஆலிசன் யுங் குழுவினர் யாரை ‘இடர்நிலையில் உள்ளவர்’ எனக் கொள்வது என்பதற்கு மூன்று வழிகளை வகுத்தனர்: மங்கலான அறிகுறிகள் இருப்பது, தீவிர அறிகுறிகள் ஒரு வாரத்துக்குள் தாமாகவே அடங்கிவிடுவது, நெருங்கிய இரத்த உறவில் நோய் இருக்க, தானும் அன்றாடச் செயல்பாட்டில் சரிந்திருப்பது. அன்றுமுதல் இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் கேட்டுவந்த கேள்வி, இவர்களில் எத்தனை பேர் நோய்க்குள் போனார்கள் என்பதே. பேச்சுவழிச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை போன்ற உளச்சமூக ஆதரவின் மதிப்பை இந்தக் கேள்வியால் மட்டும் அளக்க முடியாது என்பது என் வாதம்.

2012-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, இடர்நிலையினரில் ஓராண்டில் சுமார் 22 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகளில் சுமார் 36 விழுக்காட்டினரும் உளப்பிறழ்வை அடைந்தனர். பெரும்பான்மையோர் அடையவில்லை. ஆனால் அவர்களிலும் பலருக்கு மனச்சோர்வு, பதற்றம், பாதியில் நின்ற படிப்பு, விலகிப்போன நட்பு ஆகியவை மிஞ்சுகின்றன. நோய் வரவில்லை என்பதாலேயே இவர்களை ஆய்வின் கணக்கில் ‘வெற்றி’ என்று எழுதிவிடுவது பெரும் அநீதி.

ஆண்டனி மாரிசன் குழுவினர் பிரிட்டனில் 288 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட அறிவாற்றல் சிகிச்சை ஆய்வையே எடுத்துக்கொள்வோம். சிகிச்சை பெற்ற, பெறாத இரு பிரிவுகளையும் சேர்த்து நோய்க்குள் போனவர்கள் சுமார் 8 விழுக்காடுதான். எனவே தடுப்பில் வேறுபாடு காட்ட முடியவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களிடம் அறிகுறிகளின் தீவிரம் குறைந்திருந்தது. தடுப்பு ஒன்றையே தேடுபவருக்கு இது தோல்வி. குரல் கேட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளைக்கு அப்படி இல்லை. இடர்நிலையில் இருப்பவருக்கு உளப்பிறழ்வுக்கான மருந்து தரவேண்டாம், பேச்சுவழிச் சிகிச்சை தரலாம் என்று பிரிட்டனின் 2014 வழிகாட்டுநெறி கூறுவதும் சரியே. உடல் எடையைக் கூட்டி, நாளெல்லாம் மந்தமாக வைத்திருக்கக்கூடிய மருந்தை, பெரும்பாலும் நோய் வரப்போகாதவர்களுக்குக் கொடுக்க என்ன நியாயம் இருக்கிறது?

பேச்சுவழிச் சிகிச்சை அறையில் நடப்பது என்ன? கல்லூரி ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது தன் பெயரை யாரோ கூப்பிடுவதாகக் கேட்கிற மாணவனை எண்ணிக்கொள்வோம். கூடப் படிப்பவர்கள் ஏதோ கருவி வைத்திருக்கிறார்கள் என்று அவன் முடிவுகட்டியிருக்கிறான். சிகிச்சையாளர் அதை மறுக்கவும் மாட்டார், ஆமோதிக்கவும் மாட்டார். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய், குரல் கேட்டபோது மனத்தில் என்ன ஓடியது, உடனே என்ன செய்தாய் என்று கேட்டு இருவருமாகத் தாளில் எழுதுவார்கள். கருவி, தூக்கமின்மை, தேர்வுப் பதற்றம் என ஒவ்வொரு விளக்கத்துக்கும் நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை என்று அவனே எண் போடுவான். அடுத்த வாரம் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். பயம் தணிந்து அவன் மறுபடி ஆய்வகத்துக்குப் போனால், அதுவே ஒரு பலன்.

குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சைக்கும் சான்று உண்டு. டேவிட் மிக்லோவிட்ஸ் குழுவினர் 129 இளையோரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் 18 அமர்வுகள் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளிடம், மூன்று அமர்வுகள் மட்டும் பெற்றவர்களைவிட மங்கலான அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. “நாள் பூரா ரூமுக்குள்ளயே கெடக்க” என்பதற்குப் பதில், “இன்னிக்கு எங்ககூட சாப்பிட வந்தியே, நல்லா இருந்துச்சுப்பா” என்று சொல்லப் பழகுவது போன்றவையே இவ்வகை அமர்வுகளின் பாடம். சிறியதாகத் தோன்றினாலும் வீட்டின் காற்றையே மாற்றும் வேலை இது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பு, மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, முதல்முறை உளப்பிறழ்வு கண்டவர்களை இரு நகரங்களிலும் இரண்டாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்கள் இடர்நிலையைக் கடந்தவர்கள். ஆகவே முடிவுகளை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆயினும் மாண்ட்ரியலைவிடச் சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையில் கூடுதலாக உடன் நின்றன. ஆர்வமின்மை, ஒதுங்கல் போன்ற எதிர்மறை அறிகுறிகளிலும் சென்னையின் நிலை மேம்பட்டிருந்தது.

இதை வைத்து நம் குடும்ப அமைப்பைப் புகழ்ந்து நின்றுவிடலாகாது. ‘கல்யாணம் பண்ணிவச்சா சரியாயிடும்’ என்று சொல்வதும் இதே குடும்பம்தான். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதென்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் இதுவே. உடன் வரும் பெற்றோருக்குப் பயிற்சி தராத திட்டம், தன்னிடமுள்ள பெரிய பலத்தை வீணாக்குகிறது. இங்கு நடத்தப்படும் இடர்நிலை ஆய்வுகள் படிப்புத் தொடர்ச்சி, தூக்கம், நட்பு, வீட்டின் பேச்சு ஆகியவற்றை முதன்மைப் பலன்களாக அளந்து, நோய்க்குள் போனவர் எண்ணிக்கையை இரண்டாம் வரிசையில் வைக்க வேண்டும்.