ஹான்ஸ், கூல் லிப், குட்கா: 2013-லிருந்து தடை... ஆனாலும் எப்படிக் கிடைக்குது? தடைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சரக்கு லாரிகள் ராத்திரியில்தான் அதிகம் வரும். காய்கறி, வெங்காயம், மளிகை என எல்லாம் விடிவதற்குள் இறங்கி, காலையில் சுத்துப்பட்டு ஊர்க் கடைகளுக்குப் பிரிந்து போய்விடும். இவ்வளவு மூட்டைகள் கைமாறுகிற மொத்தச் சந்தையில், உள்ளங்கைக்குள் அடங்கும் பாக்கெட்டுகளை ஒளித்துக் கொண்டுவருவது பெரிய விஷயமில்லை. 'குட்கா பறிமுதல்' செய்திகளில் காந்தி மார்க்கெட் பெயர் அடிக்கடி அடிபடுவது இதனால்தான்.

தடை வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. பிறகும் பறிமுதல் நிற்கவில்லையே, ஏன்?

எந்தச் சட்டத்தில் தடை?

கஞ்சாவையும் குட்காவையும் பலர் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கஞ்சா 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. 20 கிலோவுக்கு மேல் சிக்கினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. குட்கா, ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் புகையிலை. அவை அந்தச் சட்டத்துக்குள் வராது.

குட்கா தடை நிற்பது 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில். உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்பது 2011-ல் வந்த விதி. மக்கள் நலனுக்காக ஒரு பொருளைத் தடை செய்ய, மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தத் தடை அதிகபட்சம் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். அதனால் 2013 மே 23-ல் தமிழ்நாட்டில் போட்ட உத்தரவை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் ரினியூவல் மாதிரி, தடைக்கே ஒரு ரினியூவல்!

இதைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் பிடித்துக்கொண்டது. அவசரத்துக்குக் கொடுத்த தற்காலிக அதிகாரத்தை வருஷா வருஷம் பயன்படுத்தி நிரந்தரத் தடையாக மாற்ற முடியாது என்று சொல்லி, அறிவிப்பை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஏப்ரல் 25-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. குட்கா தடை மறுபடி உயிர்பெற்றது.

இடையில் கம்பெனிகளும் சும்மா இல்லை. புகையிலை கலக்காத பான் மசாலா ஒரு பாக்கெட், வெறும் புகையிலை இன்னொரு பாக்கெட் எனத் தனித்தனியாக விற்கத் தொடங்கினார்கள். வாங்குகிறவர் வாயில் போட்டுக் கலந்துகொள்ள வேண்டியதுதான்.

மாட்டுவது யார்?

பெட்டிக்கடைக்காரர்தான். முதல் தடவை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடைக்குப் பூட்டு. இரண்டாவது தடவை 50,000 ரூபாய், 30 நாள். மூன்றாவது தடவை 1 லட்சம், 90 நாள். டீ, பன், பீடி விற்றுப் பிழைக்கும் கடைக்கு 15 நாள் பூட்டு என்பதே பெரிய அடி. அதே கடையில் பீடியும் சிகரெட்டும் சட்டப்படி தொங்கிக்கொண்டிருக்கும் என்பது வேறு கதை.

தயாரிப்பாளர் பல நேரம் வேறு மாநிலத்தில் இருப்பார். கர்நாடகத்தில் வெறும் மெல்லும் புகையிலை கடைகளில் விற்பனையாகிறது. அங்கு வாங்கி எல்லை தாண்டினால் அதே பாக்கெட் கடத்தல் சரக்கு. ரிஸ்க்குக்கு ஏற்ப விலையும் ஏறும். ஏறின காசு அரசுக்கு வரியாகப் போகாது, இடைத்தரகர் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

அது எவ்வளவு தூரம் போகும் என்று தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2016-ல் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளர் மீது நடந்த வருமான வரி சோதனையில், யார் யாருக்கு மாமூல் என எழுதிய கணக்கு சிக்கியதாகச் சொல்லப்பட்டது. 2018-ல் விசாரணையை சிபிஐ-க்கு மாற்றியது உயர் நீதிமன்றம். அப்போதைய அமைச்சர், உயர் போலீஸ் அதிகாரிகள் வீடுகள் வரை சோதனை நடந்தது. குற்றச்சாட்டுகளை அவர்கள் மறுத்தார்கள்.

அப்போ தடையை எடுத்துவிடலாமா?

அதுவும் சுலபமில்லை. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். மெல்லும் புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் புழங்குவதைப் பார்த்து, 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்றே கேட்டது.

பயன்பாடு குறைந்திருக்கிறதா? தேசிய அளவில் ஆம். வயது வந்தவர்களில் மெல்லும் புகையிலை போடுவோர் 2009-10-ல் 25.9 சதவீதம், 2016-17-ல் 21.4 சதவீதம். ஆனால் அதே காலத்தில், தடையே இல்லாத பீடி, சிகரெட் பழக்கமும் 14 சதவீதத்திலிருந்து 10.7-க்கு இறங்கியது. எனவே மொத்தக் குறைவையும் தடையின் கணக்கில் எழுத முடியாது.

பூட்டான் என்ன செய்தது?

நம்மைவிட ஒரு படி மேலே போன நாடு அது. 2004-ல் புகையிலை விற்பனைக்கே நாடு முழுக்கத் தடை. 2010-ல் இன்னும் கடுமையான சட்டம். மறு வருஷமே 23 வயது புத்த பிக்கு ஒருவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரிடம் இருந்தது சுமார் 120 ரூபாய் மதிப்புள்ள மெல்லும் புகையிலை! இந்திய எல்லை வழியாகக் கடத்தல் மட்டும் ஓயவில்லை. கொரோனா வந்தபோது, கடத்தல்காரர்கள் வழியாகத் தொற்று உள்ளே வரும் என்று அரசே பயந்து, 2020-ல் அரசுக் கடைகள் மூலம் புகையிலை விற்றது. 2021-ல் சட்டத்தைத் திருத்தித் தடையை விலக்கிக்கொண்டது.

இங்கே நிலைமை இரண்டுங்கெட்டானாக இருக்கிறது. முழுத் தடை என்றால் வருஷாந்திர உத்தரவை நம்பாமல் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் வேண்டும். ஹூக்கா பார்களுக்கு 2022-ல் தமிழ்நாடு அப்படி மசோதா கொண்டுவந்தது, குட்காவுக்கு ஏன் முடியாது என்பது நியாயமான கேள்வி. தடை வேண்டாம் என்றால், 2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டம் ஏற்கெனவே சொல்வதையாவது அமல்படுத்த வேண்டும்: 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும், பழகியவரை மீட்க கவுன்சலிங் வேண்டும். பறிமுதல் போட்டோக்களில் அது வருவதே இல்லை.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற மத்திய அரசின் இலவச எண்ணை அழைக்கலாம்.