‘செட்டில்’ வந்த வழி

வைட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு வாங்கிய எந்தத் தமிழ்ப் பையனைப் பற்றியும் சொந்த ஊரில் சொல்வது ஒன்றுதான்: ‘அவன் பெங்களூர்லயே செட்டில் ஆயிட்டான்.’ இந்த ஆங்கில வினை எந்த வாசல் வழியாகத் தமிழுக்குள் வந்தது என்று தேடப் புகுந்தால், முதல் ஊகம் சிரமமில்லாமல் கிடைத்துவிடும். 1990களின் கடைசியில் அங்கே ஐ.டி.பி.எல். தொழில்நுட்ப வளாகம் வந்தது, வேலை வந்தது, கூடவே சொல்லும் வந்தது. ஆனால் வைட்ஃபீல்டின் பூர்வகதையே இந்த ஊகத்தைச் சந்தேகிக்கச் சொல்கிறது.

1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார், யுரேசியன் – ஆங்கிலோ இந்தியச் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். ஐரோப்பிய – இந்தியக் கலப்பு வழியில் வந்தவர்களுக்கு அந்நாளைய பெயர் யுரேசியன். இங்கேயே வாழ்ந்த ஆங்கிலேயரைத்தான் அப்போது ஆங்கிலோ இந்தியர் என்றார்கள். அந்தச் சொல்லின் இன்றைய பொருள் பின்னால் வந்தது. சங்கத்தை முன்னின்று நடத்திய டி. எஸ். வைட்டின் பெயரே ஊருக்கு நிலைத்தது. அங்கே உருவாக இருந்ததை ஆங்கில ஆவணங்கள் விவசாய ‘செட்டில்மென்ட்’ என்கின்றன. ஐ.டி. நிறுவனங்களுக்கு நூறாண்டுக்கு முன்பே சொல் அந்த மண்ணில் இருந்திருக்கிறது.

இதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஆங்கிலக் காகிதத்தில் இருப்பது தமிழ் வழக்குக்குச் சாட்சியாகாது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து ஆங்கிலேயர் இட்ட பெயரிலும் இதே சொல் உண்டு. அங்கே போன தமிழர்கள் ஏராளம். ஆனாலும் அந்தப் பொருளைத் தமிழ் எழுத்து ‘குடியேற்றம்’ என்று பெயர்த்துக்கொண்டது, கடன் வாங்கவில்லை. ஆகவே ஊர் அமைக்கும் அர்த்தத்தில் ‘செட்டில்’ நம்மிடம் வரவில்லை. வைட்ஃபீல்டின் பிறப்புச் சான்றிதழ் சுவையானது, ஆனால் வழக்குக்கு உதவாது.

அடுத்தது வருவாய்த்துறை. காரன்வாலிஸ் 1793இல் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர வரி ஏற்பாடு, 1802இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பின்னர் தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறை, அதாவது ஜமீன்தார் இடையில் இல்லாமல் பயிர் செய்பவரிடமே அரசு நேராக வரி பேசும் முறை, பெரும்பகுதிக்கும் பரவியது. இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘செட்டில்மென்ட்’தான் பெயர். அரசுத் தமிழ் இதை ‘நிலவரித் திட்டம்’ என்று மொழிபெயர்த்தது. ஆண்டுதோறும் தாலுகாவில் கணக்கு முடிப்பதற்கு ஏற்கெனவே ஜமாபந்தி இருந்தது. ‘ஜமா’ தொகை, ‘பந்தி’ பாரசீகத்தில் கட்டுதல். ஆனால் பழைய பட்டாவைத் துருவுகிறவர்கள் இன்றும் கேட்பது ‘செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்’. எனவே கடன் இங்கே உறுதி. என்றாலும் இந்தச் சொல் நிலத்தோடும் வரியோடும் நின்றுவிடுகிறது, மனிதர்மேல் ஏறவில்லை.

மனிதர்மேல் ஏறுவது சார்பதிவாளர் அலுவலகத்தில். அப்பா மகளுக்கு வீடு எழுதிவைக்கும் தான செட்டில்மென்ட் பத்திரம் ஒன்றைக் கையில் எடுங்கள். ‘எழுதிக் கொடுப்பவர்’, ‘எழுதிப் பெறுபவர்’ என்று தொடங்கும். பணம் கைமாறாததால் அந்த இடத்தில் ‘அன்பையும் ஆதரவையும் முன்னிட்டு’ என்று இருக்கும். பிறகு ‘இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’. உயில் எழுதியவர் இறந்த பிறகே நடப்புக்கு வரும். இதுவோ ‘இன்று முதல்’. 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டம் ‘செட்டில்மென்ட்’டை வரையறுக்கும்போது மூன்று நோக்கங்களைச் சொல்கிறது: திருமணத்தை முன்னிட்டு எழுதுவது, குடும்பத்தாருக்குப் பகிர்ந்தளிப்பது அல்லது சார்ந்திருப்பவருக்கு வழிசெய்வது, சமய – அறக் காரியத்துக்குக் கொடுப்பது. மூன்றாவதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்: திருமணம், சொத்து, பிழைப்புக்கு வழி. ‘பையன் செட்டில் ஆயிட்டானா?’ என்று அத்தை விசாரிப்பதும் ஏறத்தாழ இந்தப் பட்டியலைத்தான்!

இங்கேயே தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். தடுப்பவர் சாமுவேல் ஜான்சன். அவருடைய 1755ஆம் ஆண்டு அகராதியிலேயே ‘செட்டில்மென்ட்’டுக்கு, மனைவிக்கென எழுதிவைக்கும் சொத்து என்ற பொருள் இருக்கிறது. பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக்கொடுப்பதையும் அக்கால ஆங்கிலம் இதே வினையால் சொன்னது. எனவே 1899ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அர்த்தத்தைப் படைக்கவில்லை. பழைய ஆங்கிலப் புழக்கத்தைச் சட்டமாக்கியது, அவ்வளவே. அந்தப் புழக்கம் இங்கிலாந்தில் மங்க, நம் மணமகன் தேவை விளம்பரங்களில் ‘வெல் செட்டில்டு’ என்று தங்கிவிட்டது. என் கணிப்பில் தமிழுக்கு இரண்டு வாசல்கள்: பத்திரம் ஒன்று, ஆங்கிலம் படித்த குடும்பங்களின் கல்யாணப் பேச்சு இன்னொன்று.

இலக்கணமும் இதற்கு ஒத்துவருகிறது. ஆங்கில வினை எதையும் தமிழ் நேராக விகுதி ஏற்றிப் பேசுவதில்லை. துணைக்கு ஒரு தமிழ் வினை வேண்டும். மனிதர் என்றால் ‘செட்டில் ஆகு’, கணக்கு என்றால் ‘செட்டில் பண்ணு’. தொழிற்சங்கத்தார் சொல்லும் ‘12(3) செட்டில்மென்ட்’, 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறுச் சட்டப் பிரிவின் எண்ணைத் தாங்கிய ஒப்பந்தம், இரண்டாவது வகை. கட்டப்பஞ்சாயத்து தாதா செய்யும் ‘செட்டில்மென்ட்’டும் அதுவே. பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் வேர் இருக்கையைக் குறிக்கும் ஒரு பெயர்ச்சொல். சமரசம் செய்வதைக் குறித்த வேறொரு வினையும் பிற்பாடு இதோடு கலந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர் கருதுவதுண்டு. கலந்த இரண்டைத் தமிழ் தன்னையறியாமல் மறுபடி பிரித்து வைத்திருக்கிறது.

வைட்ஃபீல்டில் இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. வேலையை விட்டுப் போகிறவருக்கு ஹெச்.ஆர். கொடுப்பது ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’. அங்கேயே இருந்து வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் ‘செட்டில்’ ஆகிறார். வாடகைக்கு இருப்பவரை அப்படிச் சொல்ல ஊரார் கொஞ்சம் தயங்குவார்கள். பத்திர அலுவலகத்தின் வாடை இன்னும் போகவில்லை.

அண்மைப் பேச்சில் இன்னொரு தடயம். ‘அவன் வைட்ஃபீல்டுல செட்டில்’ என்று பலர் வினையே இல்லாமல் முடிக்கிறார்கள், ‘அவர் பேங்க்ல வேலை’ என்பதுபோல. ‘பண்ணு’வை அப்படி விட முடியாது, ‘கணக்கை செட்டில்’ என்று நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார்.