ரேகைச் சட்டம்

ஜாலியன்வாலாபாக் கோரம் நிகழ்ந்து ஓராண்டு நிறையப் பத்து நாள் இருக்கையில், 1920 ஏப்ரல் 3 ஆம் தேதி, உசிலம்பட்டிக்குத் தெற்கே சேடப்பட்டி வட்டாரத்தில் உள்ள பெருங்காமநல்லூர் என்னும் சிற்றூரின் ஜனங்கள், தங்கள் விரல்ரேகையைச் சர்க்கார் புத்தகத்தில் பதிய மறுத்தார்கள் என்பதன்பொருட்டுப் போலீஸாரால் சுடப்பட்டு, 16 பேர் மாண்டனர். அமிருதசரஸில் நடந்ததைத் தேசம் முழுவதும் அறியும். மதுரைச் சீமையில் நடந்ததை மதுரையிலேயே எல்லோரும் அறிவர் என்று சொல்வதற்கில்லை. படித்தவர்கள் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றும், அதற்கு ஆட்பட்டவர்கள் ரேகைச் சட்டம் என்றும் வழங்கிய அந்தச் சட்டத்தின் வரலாற்றை, அது எழுந்த இடத்திலிருந்து சொல்லாமல் அது விழுந்த இடத்திலிருந்து சொல்வதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஊராரின் ஜாதியாகிய பிறமலைக் கள்ளர் பூர்வத்தில் காவற்காரர். ஊராருடைய பயிரையும் மாட்டையும் காப்பது அவர்கள் பொறுப்பு. அதற்கு ஈடாக அறுவடைக் களத்தில் தானியம் பெறுவது அவர்கள் சுதந்தரம். களவு போனால் பொருளை மீட்டுக் கொடுக்கவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டவரும் அவர்களே. இந்த ஏற்பாட்டை நான் பொற்காலமாக வருணிக்கப்போவதில்லை. காவல் கொடுக்காதவன் மாடு காணாமற்போவதும், காணாமற்போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்பதும் சகஜமாக இருந்தன என்பதையும், அதன் தொல்லை தாங்காத குடியானவர்கள் 1890-களில் திண்டுக்கல் பக்கத்தில் ஊர்தோறும் பணம் திரட்டிப் ‘பண்டு’ வைத்துக் கள்ளரை ஊரைவிட்டு விரட்டினார்கள் என்பதையும் மறைத்தால், அது சரித்திரமாகாது, ஜாதி ஸ்தோத்திரமாகிவிடும். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1816 ஆம் வருஷத்து ரெகுலேஷனால் கிராமக் காவலைச் சர்க்கார் தன் போலீஸ் ஏற்பாட்டுக்குள் இழுத்துக்கொண்டபோது, பரம்பரையாக அதனால் ஜீவித்தவர்களுக்கு வேறு ஜீவனம் காட்டுவார் இல்லை. தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1895 இல் பெரியாற்று அணை முடிந்து தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியபோது, வைகைக் கரையும் மேலூர்ச் சீமையும் பச்சையாயின. மேட்டு நிலமாகிய உசிலம்பட்டிப் பக்கம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. மழை தப்பிய வருஷங்களில் அங்குள்ள வாலிபன் என்ன செய்வான் என்று கேட்பதற்குச் சட்டம் இயற்றியவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருடன் மகன் திருடனாவான் என்ற சித்தாந்தம் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தது.

அந்தச் சித்தாந்தம் 1871 இல் வட இந்தியாவுக்குச் சட்டமாயிற்று; 1911 இல் திருத்தப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. முந்தைய சட்டத்தில், ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அறிவிக்கக் கவர்னர் ஜெனரலின் சம்மதம் வேண்டியிருந்தது. பிந்தையதில் மாகாணச் சர்க்கார் அவ்வாறு நம்புவதே போதுமானதாயிற்று. அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது என்பது இரண்டுக்கும் பொது. திருடினான் என்று ருசுப்படுத்திய பின்பு ஒருவனைத் தண்டிப்பது உலக நீதி; பிறந்தான் என்பதையே ருசுவாகக் கொண்டு, அந்த ருசுவை மறுக்கும் வாயிலையும் அடைத்துவைத்த இந்தச் சட்டத்துக்கு என்ன பெயர் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விரல்ரேகை என்பது அப்போது புது வித்தை. வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858 இல் ஒப்பந்தக்காரன் ஒருவன் பின்னால் புரட்டிப் பேசாதிருக்கும்பொருட்டு அவன் கைத்தடத்தைப் பத்திரத்தில் பதித்துவைத்தார். அங்கே தொடங்கிய வழக்கம், அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய உத்தியோகஸ்தர்களின் கணிதத் திறமையால் ரேகைகளை வகைப்படுத்தும் சாஸ்திரமாக வளர்ந்து, 1897 இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகமாக முடிந்தது. 1911 ஆம் வருஷத்துச் சட்டம் இந்த வித்தையை எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் பெயர் ஏறியவன் ரேகையை அதிகாரி எந்நேரமும் எடுக்கலாம் என்றது. பெயர் ஏறியவன் குறித்த வேளையில் அதிகாரியிடம் தன்னைக் காட்டிக்கொள்ளவேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்கவேண்டும். நடைமுறையில் இது, அந்தி சாய்ந்ததும் ஆண்மக்கள் ஊர்ச் சாவடிக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போய்ப் படுத்து விடிந்தபின் வீடு திரும்புவதாகவும், அடுத்த ஊர்ச் சந்தைக்கோ உறவுக்காரர் சாவுக்கோ போவதற்கு ராதாரிச் சீட்டுக்காகக் காத்துநிற்பதாகவும் ஆயிற்று. கலியாணமான அன்றைக்கே மாப்பிள்ளை சாவடிக்குப் போய்ப் படுத்த கதையை அந்தப் பக்கத்துக் கிழவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்க நமக்குத்தான் சங்கடமாக இருக்கும். ‘கேடி’ என்று நாம் வாய்க்கு வந்தபடி வைகிறோமே, அதுவும் போலீஸ் பதிவேட்டில் குற்றவாளியைக் குறித்த இரண்டு ஆங்கில எழுத்துகளின் சந்ததிதான் என்பர் அகராதிக்காரர். ஊரைக் காவல் காத்தவனைச் சர்க்கார் காவல் காத்தது.

1914 இல் கீழக்குயில்குடியாரைப் பற்றிக்கொண்ட சட்டம் அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் அனைவர்மீதும் பரவியது. பல ஊர்கள் பணிந்தன. பெருங்காமநல்லூரார் பணியவில்லை. நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், எங்களைப் பதிவிலிருந்து விலக்கவேண்டும் என்று முதலில் மனுச் செய்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பின்னால் வந்தவர்கள் இந்நிகழ்ச்சியை வெறும் வீராவேசமாகப் பாடுகிறார்களே தவிர, வீரத்துக்கு முன்பு அங்கே விண்ணப்பம் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. விண்ணப்பம் பயன்படவில்லை. ஏப்ரல் 3 ஆம் தேதி விடியலில் ஆயுதப் போலீஸ் ஊரைச் சூழ்ந்தது, ரேகை வைக்க வரும்படி அழைத்தார்கள், ஜனங்கள் வரவில்லை, வாக்குவாதம் கைகலப்பாகித் துப்பாக்கி வெடித்தது. மாண்ட பதினாறு பேரில் மாயக்காள் என்பவள் ஒருத்தியே பெண். குண்டுபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் என்று ஊர் அவளை நினைவு வைத்திருக்கிறது. பிழைத்தவர்களில் பலர் கைதாகித் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள்.

அவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாட வந்தவர் கள்ளருமல்லர், தமிழருமல்லர். செங்கன்னூரில் 1887 இல் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, மதுரையில் வக்கீல் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப் என்னும் மலையாளக் கிறிஸ்தவர் அவர். வழக்காடியதோடு நில்லாமல், இந்தச் சட்டமே தகாது என்று எழுதியும் பேசியும் வந்தார். அந்த ஜனங்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள்; ஜோசப் என்ற பெயர் நாவில் புரளாமல் ரோசாப்பூ ஆயிற்று என்பாரும், அவர் சட்டையில் குத்திய பூவினால் வந்த பெயர் என்பாரும் உண்டு. 1938 இல் அவர் காலமான பின்பும் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிடும் வழக்கம் ஒழியவில்லை.

அதே 1920 இல் சர்க்காரும் கள்ளர் சீரமைப்பு என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிப் பள்ளிக்கூடங்கள் வைத்தது. ஒரு கையில் ரேகைப் புத்தகமும் மறுகையில் அரிச்சுவடியுமாக வந்தது என்று பரிகாசம் செய்யலாம். ஆனால் மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் இன்றும் நடக்கும் அப்பள்ளிகளில் எழுத்துக் கற்றவர்கள் பரிகாசம் செய்யமாட்டார்கள். 1929 இல் சட்டம் முதுகுளத்தூர்ப் பக்கத்து மறவர்மேலும் பாய, முத்துராமலிங்கத் தேவர் எதிர்த்துக் கிளம்பினார். 1934 இல் அபிராமத்தில் மாநாடு கூடி, சட்டத்தை ரத்துச் செய்யவேண்டும் என்றது. 1947 இல் சென்னை ராஜதானியிலும், 1952 ஆகஸ்டு 31 இல் தேசம் முழுவதிலும் சட்டம் நீங்கிற்று. சென்னை ராஜதானியில் அது நீங்கிய மறு வருஷமே, 1948 இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த என்று அங்கேயே வேறொரு சட்டம் பிறந்தது. அது பிறப்பைக் கேட்கவில்லை, நடத்தையைக் கேட்டது. இந்த வித்தியாசம் சிறிதன்று. ஆனால் பழைய பதிவேட்டில் இருந்தவன் பெயரே புதிய பதிவேட்டுக்கும் எளிதில் போய்ச் சேரும் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை.

பெருங்காமநல்லூரில் இப்போது நினைவுத்தூண் இருக்கிறது. ஏப்ரல் 3 ஆம் தேதிதோறும் மாலையும் கூட்டமும் உண்டு. அன்று பேசுகிறவர்களில் பலர் ஒரே ஜாதியின் பெருமையாக அதைப் பேசிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சட்டத்தில் குறவரும், தொம்பரும், ஊர் ஊராக உப்பும் ஓலையும் சுமந்து திரிந்த இன்னும் எத்தனையோ பேரும் சிக்கினார்கள். அவர்களுக்கு வக்கீல் வைக்கவும் மாநாடு கூட்டவும் ஆள்பலம் இருந்ததில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மக்களில் பலர் இந்த உலகத்தில் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து, பலவந்தமாக எடுக்கப்பட்ட அந்த ரேகைதான். பழைய ரேகைப் புத்தகங்கள் எந்த ஸ்டேஷன் பரணிலேனும் எந்த ஆவணக் களரியிலேனும் எஞ்சியிருப்பின், அவற்றை எரித்துவிடாமலும் பூட்டிவைக்காமலும், அந்தந்த ஊர்ச் சாவடிக்கே கொண்டுபோய் விரித்து, பேரன் பேத்திகள் பார்க்கும்படி சர்க்கார் செய்யவேண்டும்.