ஒரே புரதம், இரண்டு ஆன்டிபாடிகள்: லேமின் ஆய்வில் ஒரு பெங்களூரு–ஹைதராபாத் அத்தியாயம்

பெங்களூரிலிருந்து செல்லும் ஓசூர் சாலையில் சந்தாபுராவுக்குச் சற்று முன்னால் வரும் பொம்மசந்திரா தொழிற்பேட்டை இந்திய ஆன்டிபாடித் தொழிலின் முக்கியமான இடங்களில் ஒன்று. 2006-இல் இங்குள்ள பயோகான் நிறுவனம் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிமோடுசுமாப் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த மருந்து பற்றுவது செல்லின் மேற்பரப்பிலுள்ள ஓர் ஏற்பியை. உயிருள்ள செல்லுக்குள் ஆன்டிபாடி தானாக நுழையாது என்பதால், உட்கருவுக்குள் இருக்கும் புரதங்களை நாடும் ஆன்டிபாடிகள் மருந்தாக விலைபோவதில்லை. செல்லைக் கொன்று பதப்படுத்தி, சவ்வைத் துளைத்த பிறகே அவற்றுக்கு வேலை. ஆகவே அவற்றின் வரலாறு ஆய்விதழ்களின் பக்கங்களில் கிடக்கிறது. அதில் ஒரு பகுதி பெங்களூரைச் சேர்ந்தது.

1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார். 1978-இல் லேரி ஜெரேஸ், ப்ளோபெல் குழுவினர் எலிக் கல்லீரலின் உட்கருப் புரதங்களுக்கு எதிராகக் கோழிகளில் எடுத்த ஆன்டிபாடிகளைப் பயன்படுத்தினர். உட்கருவின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒளி தெரிந்தது. பின்னாளில் லேமின் ஏ, பி, சி என்று பெயர்பெற்ற அப்புரதங்கள் உட்கரு உறையின் உட்புறம் வலைபோல் பின்னிக்கிடக்கின்றன என்பது பாடநூல் உண்மையானது. நெடுங்காலம் அந்த வளையமே லேமினின் முதன்மை அடையாளமாக இருந்தது.

விலங்கின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்தில் பலவகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்ட முறை, ஒரே புரதத்தின் ஒரே இடத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு வளர்க்க வழிசெய்தது. இந்த நுட்பத்தில் தேர்ந்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியலாளர் அஞ்சலி கரண்டே. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லேமினை ஆராய்ந்துவந்த வீணா பர்னைக்கின் குழு, அவரோடு சேர்ந்து எலி லேமின் ஏ-க்கு எதிராக ஒற்றைக் குளோன் ஆன்டிபாடிகளை உருவாக்கியது. 1999-இல் முடிவுகள் வெளிவந்தன.

அவற்றில் எல்ஏ-2பி3 என்ற ஆன்டிபாடி எதிர்பார்த்தபடியே விளிம்பில் ஒளிர்ந்தது. எல்ஏ-2எச்10 என்ற மற்றொன்று அப்படிச் செய்யவில்லை. ஹீலா எனப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல்களில் விளிம்பை அறவே விட்டுவிட்டு, உட்கருவின் நடுவே சிதறிய புள்ளிகளைக் காட்டியது. செல்லின் ஆர்என்ஏ-வை வெட்டி ஒட்டும் காரணிகள் கூடியிருக்கும் இடங்களோடு இப்புள்ளிகள் பொருந்தின. மரபணுப் படியெடுப்பைத் தடுக்கும் மருந்தை அதே குழு 2002-இல் கொடுத்துப் பார்த்தபோது அந்த இடங்கள் பெருத்தன. லேமின் புள்ளிகளும் கூடவே பெருத்தன. ஒரே புரதத்தின் மேல் ஏவிய இரண்டு ஆன்டிபாடிகள் இரண்டு வரைபடங்களைத் தந்தன. விளிம்பிலுள்ள லேமினில் 2எச்10 பற்றும் பகுதி வேறு பிணைப்புகளால் மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். என் பார்வையில், 1999 ஆய்வுக்கட்டுரையின் மிக மதிப்புள்ள செய்தி புள்ளிகளைவிட இந்த மறைவுதான். ஆன்டிபாடி ஒளிரவில்லை என்றால் புரதம் அங்கே இல்லை என்று பொருளாகாது. அந்த முகம் அங்கே திறந்திருக்கவில்லை என்றும் இருக்கலாம்.

ஹைதராபாத் குழு மேலும் சென்றது. எலியின் தசை முன்செல்கள் தசையாக முதிரத் தொடங்கியதும் புள்ளிகள் மறைவதை 2001-இல் காட்டியது. 2002-இல், புள்ளிகளைக் கலைத்தால் வெட்டி ஒட்டும் காரணிகளின் ஒழுங்கும் படியெடுப்பும் குலைவதாகத் தெரிவித்தது. அப்போது லேமின் ஆய்வு சூடுபிடித்திருந்த நேரம்: 1999-இல் லேமின் ஏ மரபணுக் குறைபாடு எமெரி-ட்ரைஃபஸ் தசைநோயோடு தொடர்புபடுத்தப்பட்டது, 2003-இல் குழந்தைகளை மூப்படையச் செய்யும் புரொஜீரியாவும் அதே மரபணுவில் வந்து நின்றது.

2004-இல் மறுப்பு வந்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் லேமின் ஏ, சி இரண்டுமே இல்லாத செல்களைப் பார்த்தார்கள். வெட்டி ஒட்டும் காரணிகளின் இருப்பிடங்கள் அங்கேயும் இயல்பாகவே அமைந்திருந்தன. அந்த இடங்கள் உருவாக லேமின் தேவையில்லை என்பது அவர்கள் முடிவு. அந்தப் புரதமே இல்லாத செல்தான் ஆன்டிபாடி சார்ந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை. கட்டமைப்பின் ஆதாரம் லேமின் என்ற கருத்து அதில் தளர்ந்தது. ஆனால் ஒன்று உடனிருப்பதும் அதனால் கட்டப்படுவதும் வேறு வேறு கேள்விகள். மறுப்பு முதலாவதைவிட இரண்டாவதையே வலுவாகத் தாக்குகிறது.

விளிம்பைத் தாண்டியும் லேமின் உண்டு என்ற அடிப்படைக் கூற்றுக்கு வேறு திசையிலிருந்து துணை கிடைத்தது. உட்கருவின் உள்வெளியில் மட்டும் உலவும் லேப்2-ஆல்ஃபா என்ற புரதம் ஏ வகை லேமினோடு பிணைகிறது என்பதை வியன்னாவின் ரோலண்ட் ஃபாய்ஸ்னர் குழு 2000-இல் காட்டியது. அதற்கு 2எச்10 தேவைப்படவில்லை.