குடிமைப் பணி ஆளுமைத் தேர்வுக்கு ஆயத்தம்

இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் மூன்றாவது, இறுதிக் கட்டம் ஆளுமைத் தேர்வு. பேச்சு வழக்கில் இதை இன்டர்வியூ என்பார்கள். முதன்மைத் தேர்வில் தேறியவர்களில், காலியிடங்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் புது தில்லி ஷாஜகான் சாலையிலுள்ள தோல்பூர் ஹவுஸுக்கு, அதாவது மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் அலுவலகத்துக்கு, அழைக்கப்படுகின்றனர். ஆணைய உறுப்பினர் ஒருவரின் தலைமையில் அமரும் குழு ஒவ்வொருவரிடமும் சுமார் அரை மணி நேரம் உரையாடுகிறது.

பாட அறிவை எழுத்துத் தேர்வே அளந்துவிடுகிறது. அதில் எடுத்த மதிப்பெண் குழுவுக்குத் தெரியாது. விண்ணப்பதாரர் தாமே நிரப்பிய விரிவான விண்ணப்பத்தின் விவரங்களே குழுவின் கையில் இருக்கும். எனவே ஆயத்தம் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். சொந்த மாவட்டம், பட்டப்படிப்பு, பார்த்த வேலை, பொழுதுபோக்கு, பணி விருப்ப வரிசை என அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கு வாசல். தூத்துக்குடியைச் சேர்ந்தவரிடம் உப்பளத் தொழிலாளர் நிலை, துறைமுகம், 2018 துப்பாக்கிச்சூடு ஆகியவை பற்றிக் கேட்கப்படலாம். சதுரங்கம் என்று எழுதியவர், 1988-இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதையும் 2024-இல் குகேஷ் உலகப் பட்டம் வென்றதையும் அறிந்திருந்தால் மட்டும் போதாது. தாம் விரும்பி ஆடும் தொடக்க ஆட்டத்தையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். படிவம் அழகாக இருக்கட்டும் என்று சேர்த்த பொழுதுபோக்கு இங்கே காலை வாரிவிடும்.

அதிக உழைப்பு கேட்பவை சூழ்நிலைக் கேள்விகள். டெல்டா மாவட்டம் ஒன்றின் சார் ஆட்சியராக இருக்கும்போது, மழையில் நனைந்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையம் வாங்க மறுக்கிறது; விவசாயிகள் சாலை மறியலில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லை உடனே வாங்கச் சொல்வேன் என்பது இரக்கமுள்ள பதில். ஆனால் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதும், அதைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதும் தெரியாத பதில். நேரில் சென்று பேசுவது, நெல்லை உலர்த்தவும் மூடிவைக்கவும் ஏற்பாடு செய்வது, ஈரப்பதத்தை விவசாயிகள் முன்னிலையிலேயே அளக்கச் செய்வது ஆகியவை அந்த அதிகாரியின் வரம்புக்குள் வருபவை. வரம்பைத் தளர்த்தக் கோரும் அறிக்கை, ஆட்சியர் வழியாக மாநில அரசுக்குப் போக வேண்டியது. எது தன் கையில், எது மேலிடத்தில் என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் நாளிதழ்ச் செய்தி ஒவ்வொன்றிலும் பயின்றால்தான் வரும்.

மாதிரி நேர்காணல்களை மாநில அரசின் சென்னைப் பயிற்சி மையம் உட்படப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. பேச்சின் வேகம், குறுக்கிட்டுப் பேசும் வழக்கம், தேவையற்ற கையசைவு ஆகியவற்றைத் திருத்த இரண்டு மூன்று போதும். அளவுக்கு மிஞ்சினால் எல்லாருடைய பதிலும் ஒரே அச்சில் வார்த்தது போலாகிவிடும். அனுபவமுள்ள குழு அதைச் சட்டெனக் கண்டுகொள்ளும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதையும் பழகிக்கொள்ள வேண்டும். ஊகித்துச் சொன்ன தவறான விடை அடுத்த கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் ஆளுமைத் தேர்வையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்படுவார். அப்படித் தேர்ந்தவர் ஒரு கருத்தைச் சொல்லி, மொழிபெயர்ப்புக்கு இடம்விட்டு, அடுத்ததைத் தொடங்கும் சிறு வாக்கியங்களில் பேசிப் பழகுவது நல்லது. உடை, சான்றிதழ்களின் மூலப்படி போன்றவை முந்தைய நாளே முடிக்க வேண்டிய வேலைகள்.

ஆளுமைத் தேர்வின் மதிப்பெண் 275. இதில் தேறுவதற்கெனத் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லை. முதன்மைத் தேர்வின் 1750-உடன் சேர்த்து, மொத்தம் 2025-க்குப் பெற்ற கூட்டுத்தொகையின்படி தரவரிசை அமைகிறது. முதல்நிலைத் தேர்வின் மதிப்பெண் அதில் சேராது.