வெள்ளத்துக்கு வைகாசியிலேயே வேலை



திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியுது. தெற்கே ஓடுவது காவிரி, வடக்கே ஓடுவது கொள்ளிடம், நடுவே தீவாக நிற்பது ஸ்ரீரங்கம். இருபுறமும் ஆற்றை வைத்துக்கொண்டு பயிர் செய்த நம் முன்னோர் வெள்ளத்தை எப்படிச் சமாளித்தாங்க?

கொள்ளிடம் என்ற பெயரிலேயே பாதி விடை இருக்கு. மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பெரியவங்க பொருள் சொல்லுவாங்க. பாசனத்துக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம். இரண்டும் மறுபடி நெருங்கி வருகிற இடத்தில், காவிரித் தண்ணீர் வீணாகக் கொள்ளிடத்தில் விழாமல் காப்பது கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை. பிற்காலத்தில் கொள்ளிடம் பள்ளமாகி, காவிரி மணல் மேடிட்டது. அதைச் சரிசெய்ய 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார்.

அணை மட்டும் இருந்தால் போதுமா? கரையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ள ஆள் வேணுமே! அதற்குத்தான் குடிமராமத்து. தண்ணீர் வருவதற்கு முன்பே ஊரார் கூடி வாய்க்கால் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தினாங்க. 1858-ல் வெள்ளையர் அரசு இந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாதவர் அதன் மதிப்பில் இரண்டு மடங்கு கட்டணும். கரை உடையும் ஆபத்து வந்தால், பக்கத்து ஊர்க் கூலியாட்கள் கட்டாயம் வேலைக்கு வரணும்.

இதில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லணும். வயல் ஒருவருக்கு, மண்வெட்டி இன்னொருவருக்கு என்று சுமை ஏழை உழைப்பாளி தலையிலேயே விழுந்தது. ஆகவே பழைய வழக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டாயத்தை அல்ல, முன்யோசனையை.

1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்து திருச்சி, தஞ்சைப் பகுதிகளைப் பாழாக்கியது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 'இனி வெள்ளம் ஏது' என்று பலரும் அசந்துட்டாங்க. 1977 நவம்பரில் புயல் மழை கொட்டியது. மணப்பாறைப் பக்கமிருந்து வரும் கோரையாறு பெருகி, திருச்சி நகருக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. கோரையாற்று வெள்ளத்தை மேட்டூர் எப்படித் தடுக்கும்? 2018 ஆகஸ்டில் காவிரியில் மறுபடி பெருவெள்ளம். முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதுக் கதவணை கட்டினாங்க.

இதிலிருந்து என்ன தெரியுது? நமக்கு வெள்ளம் இரண்டு வகை. ஆடி, ஆவணியில் மேற்கேயிருந்து வரும் வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். மாட்டைப் பிடித்துக்கட்ட நேரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளூர் மழையால் வரும் வெள்ளம் அப்படியல்ல. விடியறதுக்குள்ளே வாசலுக்கு வந்துடும்.

அதனால், மேட்டூர் திறப்பதற்கு முன், வைகாசியிலேயே ஊர்க்கூட்டம் போடுங்க. கரையை முழுசா ஒருமுறை நடந்து பாருங்க. எலி வளை, நண்டு வளை இருந்தால் மேலே மண்ணைத் தூவி மூடினால் போதாது. வெட்டித் திறந்து, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்கணும். பெரிய ஆற்றுக் கரையாக இருந்தால் நீங்களே வெட்டாதீங்க. உடனே நீர்வளத்துறைக்குத் தெரிவிங்க. வடிகாலை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஐப்பசிக்கு முன் அகற்றிடுங்க. மழைத் தண்ணீர் வடிய வேறு வழியில்லை. விதைநெல்லையும் பத்திரங்களையும் எந்த மேட்டில் வைப்பது, யார் வீட்டு வயசானவங்களை யார் தூக்கிவருவது, ராத்திரி கரைக்காவல் யார் முறை என்று இப்போதே பேர் எழுதி வையுங்க. வேலைக்கு வருகிறவருக்குக் கூலியையும் சேர்த்தே முடிவு செய்யுங்க.

கரை உடைந்தபின் நூறு பேர் போடும் மண், உடையும் முன் ஒருவர் போடும் கூடை மண்ணுக்கு ஈடாகாது. நம் முன்னோர் கண்ட கணக்கு இதுதான்.